ரைடிங் மோவர் அரைச்சுற்று சுற்றி நின்றுவிடுகிறது: புதிய பேட்டரி போட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை

வயல்வெளி (ஒஹாயோ) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொலம்பஸ் நகருக்கு வடக்கே, ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் நிலத்துடன் கூடிய வீட்டில் வசிக்கிறோம். இருக்கையில் அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், 17.5 குதிரைத்திறன், 42 அங்குல டெக் (வெட்டும் தகடு உள்ள அடிப்பகுதி). சென்ற அக்டோபர் இறுதியில் கடைசியாகப் புல் வெட்டியபோது எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. அதன் பிறகு குளிர்காலம் முழுவதும் வெப்ப வசதி இல்லாத ஷெட்டில் நின்றிருந்தது.

இப்போது பிரேக் மிதியை அழுத்திச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் அரைச்சுற்றோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ சுற்றி, எதிலோ முட்டிக்கொண்டது போல நின்றுவிடுகிறது. சாவியை விட்டுவிட்டு மறுபடியும் திருப்பினால், சில வேளைகளில் அந்தத் தடையைத் தாண்டி ஒரு சுற்று வந்து, மீண்டும் அதே இடத்தில் நிற்கிறது. பழைய பேட்டரி ஐந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டதால் முதலில் அதைத்தான் ஐயுற்றேன். புதியது வாங்கிப் பொருத்திய பின்னும் நிலைமையில் மாற்றம் இல்லை.

அருகிலுள்ள பழுதுபார்க்கும் கடையில் தொலைபேசியில் கேட்டபோது, ஸ்டார்ட்டர் மோட்டார் போயிருக்கும் என்றார்கள். ஆனால் வசந்த காலத்தில் அவர்களுக்கு வேலை குவிந்து கிடப்பதால், இயந்திரத்தைக் கொண்டுபோனாலும் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். ஸ்டார்ட்டரை நானே வாங்கி மாற்றிவிடலாமா, அல்லது அதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டியவை உண்டா? ஸ்பேனர் பிடித்து வேலை செய்யத் தெரியும். மல்டிமீட்டரும் கைவசம் இருக்கிறது.

வடதிசை (ஒன்டாரியோ) எழுதியது:

வணக்கம். மல்டிமீட்டர் இருக்கிறது என்றால், ஸ்டார்ட்டருக்குக் காசு செலவழிப்பதற்கு முன்னர் அதைக் கொண்டு அரை மணித்தியாலம் செலவழியுங்கள். பற்றரி புதியது என்பதனால் மட்டும் அது நிறைந்திருக்கிறது என்று கொள்ள முடியாது. கடைத் தட்டில் மாதக்கணக்கில் இருந்த பற்றரியும் புதியது என்றே விற்கப்படுகிறது. ஓய்வில் இருக்கும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.4க்குக் கீழே இருந்தால் சார்ஜரில் போட்டு முழுமையாக ஏற்றிவிட்டுத்தான் மற்றச் சோதனைகளுக்குப் போக வேண்டும்.

அடுத்ததாக, வீட்டில் உள்ள ஒருவரை இருக்கையில் அமர்த்தித் திறப்பை (சாவியை) திருப்பச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்ற முயலும் அந்த நேரத்தில் பற்றரி முனைகளில் எவ்வளவு காட்டுகிறது என்பதே முக்கியமானது. 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், ஒன்றில் பற்றரி பலவீனமாக இருக்கிறது, அல்லது மோட்டர் அளவுக்கு மீறிய சுமையை இழுக்கிறது. வோல்ட் நன்றாக நின்றும் எஞ்சின் சுற்றாவிட்டால், மின்சாரம் வழியில் எங்கேயோ மறிக்கப்படுகிறது.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்துக்கொண்டு திறப்பைத் திருப்புங்கள். எர்த் கேபிள் சரியாக இருந்தால் பூச்சியத்தை ஒட்டிய அளவே காட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்தக் கேபிளிலோ அது சேஸியில் பூட்டப்பட்டிருக்கும் போல்ட்டிலோ துரு பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். போல்ட்டைக் கழற்றி, அதன் அடியில் உலோகம் மின்னும் வரை உப்புத்தாளால் தேய்த்துப் பூட்ட வேண்டும். ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை விடும் மின்காந்தச் சுவிட்சான சோலனாய்டின் இரண்டு பெரிய முனைகளுக்கு இடையிலும் இதே சோதனையைச் செய்யலாம். திறப்பைத் திருப்பிய நிலையில் அங்கேயும் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

இருக்கை, பிரேக் மிதி, வெட்டும் தகடு ஆகிய மூன்றுக்கும் உள்ள பாதுகாப்புச் சுவிட்சுகளைப் பற்றிப் பலரும் முதலில் சொல்வார்கள். திறப்பைத் திருப்பினால் சத்தமே இல்லாத இயந்திரங்களில் அவற்றையும் ஃபியூசையும்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்களுடைய எஞ்சின் அரைச்சுற்றாவது சுற்றுவதனால், ஸ்டார்ட்டருக்குப் போகும் வழியில் உள்ள சுவிட்சுகள் தங்கள் வேலையைச் செய்கின்றன. அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம். எந்தக் காரணம் கொண்டும் இருக்கைச் சுவிட்சை வயர் போட்டு இணைத்துவிடவும் வேண்டாம். ஓட்டுபவர் தவறி விழுந்தால் தகட்டை நிறுத்துவது அது ஒன்றுதான்.

இன்னொன்று: ஷெட்டில் குளிர்காலத்தைக் கழித்த இயந்திரம் என்றபடியால், எஞ்சினின் மேலுள்ள விசிறி மூடியைக் கழற்றி எலிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே ஒன்டாரியோவில் இது ஆண்டுதோறும் நடப்பது. கூடு விசிறியைத் தடுக்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் குளிர்காற்றுப் போகாமல் எஞ்சின் சூடேறிவிடும். இருக்கைக்குக் கீழே போகும் வயர்களையும் எலி கடித்திருக்கக் கூடும்.

பட்டறைக்காரர் (டெக்சாஸ்) எழுதியது:

தம்பி, முந்தைய பதிலில் சொன்ன அளவுகளை எடுத்துப் பாருங்கள். அவை அனைத்தும் சரியானவை. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அரைச்சுற்று சுற்றி, எதிலோ முட்டிக்கொண்டது போல, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கிறது என்கிறீர்கள். பலவீனமான பேட்டரி இப்படி நடந்துகொள்ளாது. அது தொடக்கத்திலிருந்தே சோர்வாகச் சுற்றி, போகப்போக இன்னும் மெதுவாகி நிற்கும். குறிப்பிட்ட ஓர் இடத்தில் முட்டி நிற்கிறது என்றால், பிஸ்டன் கம்ப்ரஷனில், அதாவது காற்றை அமுக்கிக்கொண்டு, மேலேறும் இடத்தில் ஸ்டார்ட்டரால் அதைத் தள்ள முடியவில்லை என்று பொருள்.

இந்த அளவு எஞ்சினின் முழுக் கம்ப்ரஷனையும் எதிர்த்துச் சுற்றும் வலிமை அந்தச் சிறிய ஸ்டார்ட்டருக்குக் கொடுக்கப்படவில்லை. அதனால் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட்டில் ஒரு சிறு ஏற்பாடு செய்திருப்பார்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது மட்டும், கம்ப்ரஷன் நேரத்தில் ஒரு வால்வை அது மிகச் சிறிதளவு திறந்து பிடித்திருக்கும். காற்றின் ஒரு பகுதி வெளியேறிவிடுவதால் ஸ்டார்ட்டருக்குச் சுமை குறையும்; எஞ்சின் வேகம் பிடித்தவுடன் அந்த ஏற்பாடு தானாக விலகிக்கொள்ளும். பழைய புல்லட் மோட்டார் சைக்கிளில் கிக்கரை மிதிப்பதற்கு முன் டீகம்ப்ரஸர் லிவரைப் பிடிப்போம் அல்லவா, அதே வேலைதான். இங்கே கைக்குப் பதிலாகக் கேம் ஷாஃப்ட் செய்கிறது.

அது வால்வைத் தூக்கும் அளவு மிகவும் சிறியது. டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே விடும் நுண்ணிய இடைவெளி) இருக்க வேண்டியதைவிடச் சற்று அதிகமாகிவிட்டால், கேம் தள்ளுகிற தள்ளு அந்தக் கூடுதல் இடைவெளியிலேயே தீர்ந்துபோகும், வால்வு அசையாது. காற்று வெளியேறாது, ஸ்டார்ட்டர் முட்டி நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது டேப்பட் லூசாக இருப்பது வெளியே அவ்வளவாகத் தெரியாது என்பதால், சென்ற பருவத்தில் நன்றாக ஓடிய இயந்திரம் இந்தப் பருவத்தில் திடீரெனப் பழுதானது போலத் தோன்றும். இதைப் பேட்டரி என்றும் ஸ்டார்ட்டர் என்றும் எண்ணி இரண்டையும் மாற்றியவர்கள் ஏராளம். ஒற்றைச் சிலிண்டர் ஓவர்ஹெட் வால்வு எஞ்சின்களில் இது மிகவும் அறியப்பட்ட குறை.

ஆனால் டேப்பட்டைத் தொடுவதற்கு முன் இன்னொன்றை விலக்கியாக வேண்டும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய் மட்டம் குறிக்கு மேலே ஏறியிருந்து, பெட்ரோல் வாடையும் வீசினால், கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக மூடாமல் குளிர்காலம் முழுவதும் பெட்ரோல் சிலிண்டருக்குள் கசிந்து இறங்கியிருக்கிறது. காற்று அமுங்கும், திரவம் அமுங்காது. அந்த நிலையிலும் எஞ்சின் இதேபோல முட்டி நிற்கும். அப்படியிருக்கும்போது வலிந்து சுற்ற முயன்றால் கனெக்டிங் ராடு வளைந்துபோகலாம். எண்ணெயை மாற்றி, ஊசியைச் சரிசெய்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.

எண்ணெய் சுத்தமாக இருந்தால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். பிளக் வயரை எஞ்சினின் உலோகத்தோடு எர்த் செய்துவிட்டு, துளைக்கு நேரே முகத்தை நீட்டாமல் விலகி நின்று செய்ய வேண்டும். உள்ளே பெட்ரோல் இருந்தால் பீய்ச்சி அடிக்கும், அருகில் தீப்பொறி கூடாது. பிளக் இல்லாதபோது எஞ்சின் தங்குதடையின்றி வேகமாகச் சுற்றினால், உங்கள் பேட்டரியும் கேபிளும் சோலனாய்டும் ஸ்டார்ட்டரும் நல்ல நிலையில் இருக்கின்றன. பிளக் இல்லாமலும் திணறினால்தான் ஸ்டார்ட்டரைக் குறை சொல்ல வேண்டும்.

சரிசெய்யும் முறை கடினமானதன்று. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். வால்வு மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் இரண்டு ராக்கர் ஆர்ம்கள் தெரியும். பிளக் துளை வழியாக ஒரு மெல்லிய மரக்குச்சியைப் பிஸ்டன் மேல் வைத்துக்கொண்டு, ஃபிளைவீலை அது சுற்றும் திசையிலேயே கையால் திருப்பி, இரண்டு வால்வுகளும் மூடியிருக்க பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கேயே அளந்துவிடக் கூடாது. இன்னும் சிறிது திருப்பி, பிஸ்டன் உச்சியிலிருந்து கால் அங்குலம் கீழே இறங்கிய பிறகுதான் அளக்க வேண்டும். இல்லையென்றால் அந்த டீகம்ப்ரஷன் ஏற்பாடே வால்வைப் பிடித்திருந்து தவறான அளவைக் காட்டும். உங்களுடையதைப் போன்ற பல எஞ்சின்களில் இன்டேக் வால்வுக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் வரையும், எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.005 முதல் 0.007 அங்குலம் வரையும் இருக்க வேண்டும். எஞ்சின் மூடியில் பொறித்திருக்கும் மாடல் எண்ணை வைத்து அதற்குரிய கையேட்டில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) உள்ளே விட்டால், இழுக்கும்போது லேசான பிடிப்பு தெரிய வேண்டும். நடுவிலுள்ள பூட்டுத் திருகைத் தளர்த்தி, நட்டைத் திருப்பி அளவுக்குக் கொண்டுவந்து, நட்டு நகராமல் பிடித்துக்கொண்டு திருகை இறுக்கிய பின் மறுபடியும் அளந்து பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறுவது வழக்கம்.

வயல்வெளி எழுதியது:

அண்ணா, வடதிசை ஐயா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்து பார்த்தேன். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டியது. சாவியைத் திருப்பி எஞ்சின் முட்டி நின்ற கணத்தில் 8 வோல்ட் அளவுக்கு இறங்கியது. எர்த் கேபிளிலும் சோலனாய்டிலும் குறை இல்லை. எண்ணெயில் பெட்ரோல் வாடை இல்லை, மட்டமும் குறிக்குள்ளேயே இருந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பியதும், எஞ்சின் எந்தத் தடையும் இல்லாமல் வேகமாகச் சுற்றியது.

வால்வு மூடியைத் திறந்தபோது, இன்டேக் பக்க ராக்கர் ஆர்மை விரலால் மேலும் கீழும் ஆட்ட முடிந்தது. ஒவ்வோர் அசைவுக்கும் டக் டக் என்ற ஒலி கேட்டது. 0.015 அங்குல ஃபீலர் கேஜ்கூட எளிதாக உள்ளே நுழைந்தது. பூட்டுத் திருகு தளர்ந்திருந்தது. கையேட்டின்படி இன்டேக்கை 0.004க்கும் எக்ஸாஸ்ட்டை 0.006க்கும் வைத்து மூடினேன். இப்போது பிளக்கைப் போட்ட பின்னும் எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது. வோல்ட்டும் 10க்கு மேலேயே நிற்கிறது.

ஆனால் சுற்றுகிறதே தவிர, பற்றவில்லை. சோக்கை முழுவதும் இழுத்துப் பார்த்தும் ஒருமுறைகூட வெடிப்பு ஒலி கேட்கவில்லை. டேங்கில் அக்டோபரில் ஊற்றிய பெட்ரோல்தான் பாதி அளவு இருக்கிறது. டேப்பட்டைச் சரிசெய்ததில் ஏதேனும் பிசகியிருக்குமா?

செம்பருத்தி (ஜார்ஜியா) எழுதியது:

வணக்கம் தம்பி. டேப்பட் அளவுகள் நீங்கள் எழுதியபடியே இருந்தால் அதில் பிசகு இல்லை. ஆறு மாதப் பெட்ரோல் என்ற செய்தியே இப்போது கவனிக்க வேண்டியது. ஆனாலும் தீப்பொறியா எரிபொருளா என்பதை முதலில் பிரித்துவிட்டால் தேவையில்லாமல் எதையும் கழற்ற வேண்டியிராது.

பிளக்குக்கும் வயருக்கும் இடையில் பொருத்தும் ஸ்பார்க் டெஸ்டர் வாகன உதிரிபாகக் கடைகளில் சில டாலர்களுக்குக் கிடைக்கிறது. அதைப் பொருத்திச் சுற்றும்போது உள்ளே ஒளி விட்டுவிட்டுத் தெரிந்தால் தீப்பொறி இருக்கிறது. தெரியாவிட்டால், உடனே காயிலை (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் சுருளை) மாற்றிவிடாதீர்கள். இந்த எஞ்சின்களில் ஃபிளைவீலில் உள்ள காந்தமே தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்குகிறது, பேட்டரிக்கு அதில் பங்கில்லை. எஞ்சினை நிறுத்துவதற்கு, சாவியும் பாதுகாப்புச் சுவிட்சுகளும் காயிலின் ஒரு மெல்லிய வயரை எர்த் செய்கின்றன. அந்த வயரை எங்காவது எலி கடித்து, அது சேஸியில் பட்டுக்கொண்டிருந்தாலும் தீப்பொறி வராது. எனவே அந்த வயரை எஞ்சின் பக்கத்தில் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். அப்போது தீப்பொறி வந்தால் காயில் நல்லது, பழுது வயரிங்கில் இருக்கிறது. அந்த வயர் இல்லாத நிலையில் எஞ்சின் ஓடத் தொடங்கினால் சாவியால் அதை நிறுத்த முடியாது. ஆகவே சோதனை முடிந்தவுடன் மறக்காமல் மாட்டிவிடுங்கள்.

தீப்பொறி இருந்தால், ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான புதிய பெட்ரோலை ஊற்றி, ஃபில்டர் மூடியைத் திரும்ப வைத்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டொரு விநாடி ஓடி அணைந்தால், தீப்பொறியும் கம்ப்ரஷனும் சரியாக இருக்கின்றன. கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் வரவில்லை என்பது உறுதியாகிவிடும்.

அமெரிக்காவில் விற்கும் வழக்கமான பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் நீரும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். மேலே உள்ள பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, மிஞ்சியது மஞ்சள் பசையாகப் படிந்து, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் நுண்துளையை அடைக்கும். எஞ்சின் தயாரிப்பாளர்கள் 30 நாளுக்குள் தீர்த்துவிடக்கூடிய அளவே பெட்ரோல் வாங்கச் சொல்வது இதனால்தான்.

டேங்கிலுள்ள பழையதை முழுவதும் வடித்துவிடுங்கள். எரிபொருள் குழாயை ஒரு கிளாம்ப்பால் நெரித்துக்கொண்டு, கார்புரேட்டரின் அடியிலுள்ள கிண்ணத்தைக் கழற்றுங்கள். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டின் இடத்தில் ஒரு வயர் இணைந்த சிறிய சோலனாய்டு இருக்கும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பும்போது அது டிக் என்ற ஒலியுடன் ஊசியை உள்ளிழுத்துக்கொள்ள வேண்டும். ஒலி இல்லையென்றால் பெட்ரோலின் வழியை அதுவே மறித்துக்கொண்டிருக்கிறது. ஜெட்டைக் கார்புரேட்டர் கிளீனரும் மெல்லிய செம்புக்கம்பி இழையும் கொண்டு துடைக்கலாம். கடினமான ஊசியை உள்ளே விட்டுத் துளையைப் பெரிதாக்கிவிடக் கூடாது. எரிபொருள் ஃபில்டரையும் மாற்றுங்கள்; அதன் மேலுள்ள அம்புக்குறி கார்புரேட்டரை நோக்கி இருக்க வேண்டும்.

புதிய பெட்ரோல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல நிலையங்களில் ‘அன்லெடட் 88’ என்று, வழக்கமான 87ஐவிடக் (இவை ஆக்டேன் எண்கள்) குறைந்த விலையில் ஒன்று விற்கிறார்கள். எண் உயர்ந்திருப்பதால் அது மேலானது என்று தோன்றலாம். ஆனால் அதில் எத்தனால் 15 விழுக்காடு வரை இருக்கிறது. 2001 மற்றும் அதற்குப் பிந்தைய மாடல் கார்களுக்குத்தான் அதற்கு அனுமதி. புல்வெட்டிகளில் அதை ஊற்றுவது சட்டப்படியே தடை. பம்பில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற எச்சரிக்கைச் சீட்டில் இது எழுதப்பட்டிருக்கும்.

வயல்வெளி எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னபடியே தீப்பொறியைச் சோதித்தேன்; டெஸ்டரில் ஒளி தெளிவாகத் தெரிந்தது. கார்புரேட்டர் வாயில் சிறிது பெட்ரோல் விட்டதும் எஞ்சின் உறுமி இரண்டு விநாடி ஓடி அணைந்தது. கிண்ணத்தைக் கழற்றியபோது, அதன் அடியில் பழுப்பு நிறப் படிவும், பெட்ரோலோடு கலக்காமல் தனியே உருண்டுகொண்டிருந்த நீர்த்துளிகளும் இருந்தன. ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளையே தெரியவில்லை. கிளீனரில் ஊறவைத்துச் செம்பு இழையால் துடைத்த பிறகு அது வட்டமாகத் தெரிந்தது. சோலனாய்டு ஒலிக்கிறது. ஃபில்டரையும் மாற்றி, புதிய 87 ஊற்றி, சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பற்றிக்கொண்டது. முதலில் சிறிது வெண்புகை வந்து பிறகு தெளிந்துவிட்டது. இன்று மாலைக்குள் முன்புறப் புல்வெளி முழுவதையும் வெட்டி முடித்துவிட்டேன்.

இனி ஒரேயொரு ஐயம் மட்டும் உள்ளது. டேப்பட் மறுபடியும் லூசாகுமா? அதை எப்போது பார்க்க வேண்டும்?

பட்டறைக்காரர் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, தம்பி. பூட்டுத் திருகு தளர்ந்திருந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே சில மணி நேரம் ஓடிய பிறகு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து ஒருமுறை அளந்துவிடுங்கள். அளவு மாறாமல் இருந்தால், இனி ஆண்டுக்கு ஒருமுறை, எண்ணெய் மாற்றும்போது பார்த்தால் போதும். இரண்டு அளவுகளும் சரியாக இருந்தும் எஞ்சின் மறுபடியும் முட்டி நிற்கத் தொடங்கினால், கேம் ஷாஃப்ட்டிலுள்ள அந்த ஏற்பாடே உடைந்திருக்கிறது என்று பொருள். அதற்கு எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டும் என்பதால், அப்போது கடைக்குக் கொண்டுபோவதே சரி. அக்டோபரில் கடைசியாக வெட்டும்போது பெட்ரோலில், அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, எரிபொருள் வால்வு இருந்தால் அதை மூடி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓட்டுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.